மந்திரித்த மருந்துப் பெட்டி

ஒரு பிஸ்கோத்துத் தகரத்துக்குள் ஒன்பது சாமான்களை வைத்து மூட எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த ஒன்பதும் ஒருசேர அதற்குள் இருந்தது ஒரே ஒரு நாள். மற்ற நாளெல்லாம் ஒன்று வந்தால் ஒன்று போயிருக்கும். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஆத்திரம் யார் மேல் என்று கேட்டால்தான் பதில் சொல்லத் தெரியவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. தூத்துக்குடியில் சங்கு குளிக்கிற வள்ளம் ஒன்றுக்கு நான் பொறுப்பாளி. நான் படித்தது நாலாம் வகுப்பு வரை. மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்கவும், ஜெப மந்திரங்களைத் தப்பில்லாமல் சொல்லவும் கற்றதோடு கடலுக்குப் போய்விட்டேன். இருபது வருஷம் குளித்தேன். அத்தனை வருஷமும் எனக்குக் கயிறு பிடித்தவன் என் பெண்சாதியின் தம்பி. எங்கள் கடலில் அப்படித்தான். அக்காள் தாலியை நினைத்தாவது கயிற்றைக் கவனமாகப் பிடிப்பான் என்று மைத்துனனைத்தான் அந்த இடத்தில் நிறுத்துவார்கள். என் வலது காது உள்ளே உடைந்து சீழ் வைத்த பிறகு, நான் மேலே ஏறிக்கொண்டேன், அவன் கீழே இறங்கினான். அவன் குளிக்க, நான் கயிறு பிடிக்க என்று ஆனது.

பெட்டி சேர்த்ததற்கு முந்தின பருவத்தில் அவன் காலில் திருக்கை மீன் குத்திவிட்டது. மணலில் புதைந்து கிடந்ததை மிதித்துவிட்டான். வால் முள் பாதத்தில் ஏறி முறிந்து நின்றது. நாங்கள் வள்ளத்தில் பத்துப் பேர் இருந்தோம், பத்துப் பேருக்கும் பத்து வைத்தியம் தெரியும். ஒருவன் மூக்குப்பொடியை வைத்து அமுக்கினான். ஒருவன் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவினான். பீடிச் சாம்பலும் போட்டார்கள். பாய்மரத்துக் கந்தலைக் கிழித்து நானே கட்டினேன். அந்தக் கந்தலில் எத்தனை நாள் மீன் கழிவு ஊறியிருந்தது என்று அந்த நேரத்தில் யார் பார்த்தது? கால் பனங்காய் போல வீங்கி, நீலம் பாரித்து, மூன்று மாதம் படுக்கையில் கிடந்தான். காலை எடுக்க வேண்டியிருக்கும் என்றுகூட ஆஸ்பத்திரியில் ஒரு நாள் சொன்னார்கள். மாதா இரங்கினாள், கால் தப்பியது.

அடுத்த பருவம் நெருங்கியபோது என் பெண்சாதி ஒரே வார்த்தை சொன்னாள்.

“முதல்ல மருந்துப் பெட்டி வள்ளத்துல ஏறட்டும். அப்புறம் என் தம்பி ஏறட்டும்.”

அவள் சொன்னால் சொன்னதுதான். நியாயமும் அவள் பக்கம்தான் இருந்தது. அவன் இறங்காவிட்டால் எங்கள் இரண்டு வீட்டிலும் உலை கொதிப்பது கஷ்டம். ஆனால் மறுபடி ஒரு முள் குத்தி, மறுபடி நான் ஒரு கந்தலைத் தேடினால், அவனுக்குக் கால் இருக்காது. ஆகவே பெட்டி சேர்க்கக் கிளம்பினேன்.

தர்ம ஆஸ்பத்திரியில் ஒரு கம்பவுண்டர் இருந்தார். தாமிரபரணிக் கரையில் ஒரு நெல் வயல் கிராமத்துக்காரர். நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய சிடுசிடுப்பு, ஆனால் கை தங்கம். அவர் ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒன்பது சாமான் எழுதிக் கொடுத்தார். டிங்சர் அயோடின், பஞ்சு, கட்டுத்துணி, போரிக் பொடி, கத்தரிக்கோல், ஊக்கு, தலைவலிக்கும் ஜலதோஷத்துக்கும் யூக்கலிப்டஸ் தைலம், சொறிமீன் பட்டு எரிகிற தோலுக்குக் காடி, மயங்கினவன் தெளிந்ததும் வாயில் போட ஒரு கட்டி கருப்பட்டி.

“டிங்சர் எரியும் வேய்,” என்றார். “எரிஞ்சாத்தான் மருந்து. உம்ம ஆளுங்க கத்துனா கத்தட்டும், ஊதி விடாதீரும்.”

எழுதிக் கொடுப்பது சுலபம். யுத்த காலத்தில் பஞ்சு எங்கே கிடைக்கும்? கடையில் கேட்டால் பட்டாளத்துக்குப் போகிறது என்பார்கள். டிங்சர் கேட்டால் கப்பல் வரவில்லை என்பார்கள். கத்தரிக்கோல் கேட்டதற்கு ஒரு கடை அண்ணாச்சி, “இரும்பையெல்லாம் சண்டைக்கு உருக்கிட்டான், உமக்கு எதுக்கு, தாடி வெட்டவா?” என்றார். தகரம் ஹார்பரில் ஒரு குமாஸ்தா வீட்டிலிருந்து கிடைத்தது. நல்ல வெள்ளைக்காரத் தகரம், மூடி சிக்கென்று உட்காரும். என் கல்யாண வேட்டியை என் பெண்சாதி நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து, வெந்நீரில் போட்டு அவித்து, வெயிலில் காயவைத்துச் சுருட்டினாள். கருப்பட்டி உடன்குடியிலிருந்து வந்தது. பஞ்சும் டிங்சரும் போரிக் பொடியும் கம்பவுண்டரே எங்கேயோ சொல்லி வாங்கிக் கொடுத்தார். மூடிச் சந்தில் மெழுகு உருக்கி ஊற்றினால் உப்புத் தண்ணீர் இறங்காது என்று நானே யோசித்து வைத்திருந்தேன். மற்றதெல்லாம் அங்கே இங்கே அலைந்து சேர்த்தேன். ஒன்பதும் சேர்ந்தது. அந்த ஒரே நாள் இதுதான்.

அது ஒரு சனிக்கிழமை. மறுநாள் வள்ளங்களை ஜெபம் சொல்லி மந்திரிக்கிற நாள்.

பருவம் தொடங்க இரண்டு வாரம் முன்னால், வள்ளங்களின் பலகைச் சந்துகளை அடைத்துக் கலப்பத்து பார்த்து எண்ணெய் பூசி முடிந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் மாதா கோயில் சாமியார் கடற்கரைக்கு வந்து வள்ளங்கள் மேல் தீர்த்தம் தெளிப்பார். கயிறு, முங்குகிறவனை அடியில் இறக்குகிற குளிகல், நங்கூரம், சங்கு போடுகிற வலைப்பை, கடலுக்குப் போகிற சாமான் எதுவானாலும் வள்ளத்தில் பரப்பி வைப்போம். மருந்துப் பெட்டியும் கடலுக்குப் போகிற சாமான்தானே என்று எனக்குத் தோன்றியது. என் மைத்துனன் காலைக் காப்பாற்றப் போகிற பெட்டி. ஆண்டவருடைய ஆசீர்வாதம் அதற்கு இல்லாமல் வேறு எதற்கு? நான்தான் வைத்தேன். வள்ளத்தின் முன்முனையான அணியத்தில், எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தேன். தீர்த்தம் மூடியில் விழுந்து வழிந்து போகக்கூடாதே என்று மூடியைத் திறந்தும் வைத்தேன். இவ்வளவும் நான் செய்த வேலை. வேறு யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

சாமியார் அன்றைக்கு நல்ல உற்சாகத்தில் இருந்தார். பெரிய கைக்காரர். ஒரே வீச்சில் அரை வாளித் தண்ணீர் பெட்டிக்குள் இறங்கியது. பஞ்சு ஊறியது. போரிக் பொடி கஞ்சியானது. அவித்துச் சுருட்டின துணி மறுபடி குளித்தது. நான் முழங்காலில் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமென் சொல்லவேண்டிய இடத்தில் வாயில் வேறு என்னவோ வந்தது, அதை விழுங்கிவிட்டு ஆமென் சொன்னேன்.

நனைந்த பஞ்சைத் தூக்கி எறியலாம் என்றால் முடியாது. மந்திரித்த பொருளைக் குப்பையில் போடக்கூடாது. எரிக்க வேண்டும், இல்லாவிட்டால் கோயில் மண்ணில் புதைக்க வேண்டும். யுத்த காலத்தில் கிடைத்த பஞ்சை எரிக்கிறதா? ஆகவே வீட்டு முற்றத்தில் ஓலைப்பாயை விரித்துப் பஞ்சையும் துணியையும் காயப்போட்டாள் என் பெண்சாதி. போகிறவள் வருகிறவள் எல்லாரும் என்ன இது என்று கேட்டார்கள். அவளும் பெருமையாக, “மந்திரிச்ச மருந்து” என்றாள்.

அதோடு பிடித்தது சனியன்.

அன்று சாயங்காலமே ஒரு பெண்பிள்ளை வந்தாள். குழந்தை ராத்திரி வீறிட்டு அழுகிறதாம், மந்திரிச்ச பஞ்சு ஒரு துளி கொடுத்தால் தலையணைக்குள் வைத்துத் தைப்பாளாம். கொடுத்தேன். மந்திரித்த பொருளை ஒருவர் கேட்டு நாம் இல்லை என்று சொல்வது எங்கள் தெருவில் வழக்கமில்லை. தீர்த்தமோ, குருத்தோலையோ, மந்திரித்த உப்போ, கேட்டால் கொடுக்க வேண்டும். என் தகப்பனார் அப்படி, அவர் தகப்பனார் அப்படி. மறுநாள் இரண்டு பேர். அதற்கு மறுநாள் எண்ணவில்லை. ஒருத்தி சம்பந்தம் பேசப் போகிறாள், முந்தானையில் முடிந்துகொள்ள ஊக்கு ஒன்று வேண்டும் என்றாள். ஒருவர் வாசல் நிலையில் டிங்சரால் சிலுவை போட்டுக்கொண்டு போனார். ஒரு வீட்டில் கோழி அடைகாக்காமல் எழுந்து எழுந்து போகிறதாம், அதற்குப் போரிக் பொடி. நான் கோழிக்கும் கொடுத்தேன்.

கம்பவுண்டரிடம் மறுபடி போனேன்.

“என்ன வேய், இன்னும் வள்ளமே தள்ளலை, அதுக்குள்ள பாதி டிங்சர் காலியா? எத்தனை பேருக்குக் காயம்?”

யாருக்கும் காயம் இல்லை என்று சொன்னேன். அவர் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். காரணத்தை அவரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. முனகிக்கொண்டே கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார்.

புதிதாக வாங்கி வந்தது மந்திரிக்காததுதானே, இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்று ஒரு நிம்மதி இருந்தது. அதற்கும் தெருவில் ஒரு வழி வைத்திருந்தார்கள். தீர்த்தம் தீருமுன் நல்ல தண்ணீர் ஊற்றிக் கலந்தால் எல்லாம் தீர்த்தமாகிவிடும் அல்லவா, அதுபோல பழைய டிங்சரில் புது டிங்சரை ஊற்றினால் முழுவதும் மந்திரித்ததுதான் என்றார்கள். இதைச் சொன்னது வேறு யாருமில்லை, என் பெண்சாதி. தன் தங்கச்சிக்குத் தைலத்தில் பாதியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் ரெண்டு சொட்டு இருந்தால் போதும் என்று எனக்கே உபதேசம் செய்கிறாள். பெட்டி நிறையாமல் தம்பி ஏறமாட்டான் என்று சொன்னதும் அவள்தான். நான் இதை எடுத்துச் சொன்னபோது, “அதுக்காக வாசல்ல வந்து நிக்கிறவளைத் திருப்பி அனுப்பச் சொல்லுதீகளா?” என்றாள்.

மனம் பொறுக்காமல் சாமியாரிடம் போனேன். மந்திரித்ததை எடுத்துவிட ஏதாவது ஜெபம் உண்டா சாமி என்று கேட்டேன். அவர் முதலில் நான் பரிகாசம் செய்கிறேன் என்று நினைத்தார். விஷயத்தைச் சொன்னதும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“நான் வள்ளத்தை மந்திரிச்சேன். உன் பெட்டி அங்க வாயைப் பிளந்துக்கிட்டு இருந்தா நான் என்ன செய்ய?”

அப்படியானால் இது வெறும் மருந்துதான் என்று அடுத்த பூசையில் ஜனங்களுக்குச் சொல்லும் சாமி என்றேன். அப்படிச் சொன்னால் வள்ளங்களும் வெறும் பலகைதானே என்று கேட்பார்கள் என்றார். நான் கும்பிட்டுத் திரும்பும்போது, கோயில் மணி அடிக்கிற கோயில்பிள்ளைக்கு முழங்காலில் ஒரு சிராய்ப்பு, அந்த டிங்சரில் கொஞ்சம் அனுப்பி வை என்றார்.

வள்ளம் தள்ளுவது திங்கட்கிழமை விடியலில். சனிக்கிழமை பெட்டியைத் திறந்து பார்த்தேன். கனமாகத்தான் இருந்தது. டிங்சர் புட்டியில் கறை மட்டும். பஞ்சு ஒரு எலுமிச்சை அளவு. கருப்பட்டி இருந்த இடத்தில் எறும்பு. ஆனால் பெட்டி நிறைந்திருந்தது. வாங்கிப் போனவர்கள் சும்மா வாங்கவில்லை, பதிலுக்கு எதையாவது போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மெழுகுதிரித் துண்டுகள், மாதா உருவம் பதித்த ஒரு சுரூபம், உப்பும் மிளகும் முடிந்த துணி, கோயில் விளக்கின் எண்ணெய், எழுதின ஜெபச் சீட்டுகள். மைத்துனன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “அத்தான், இதைக் கொண்டு போனா திருக்கையே முட்டி போட்டுக் கும்பிடும்” என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் நின்ற நிற்பில், இன்னும் அந்தக் காலைச் சரியாக ஊன்றாமல் நின்றதைத்தான் பார்த்தேன்.

ஓடினேன். கம்பவுண்டரிடம் இந்த முறை நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். கோழியையும் விடவில்லை. அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அலமாரியின் கடைசியிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு புட்டியை எடுத்துக் கொடுத்தார்.

“இதுதான் கடைசி. அடுத்த சரக்கு எப்போன்னு எனக்கே தெரியாது. இது தண்ணிக்குள்ள இறங்குறவனுக்கு வேய். வேற ஆருக்கும் தொட்டுக் காட்டாதீரும்.”

சரி என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். கல்யாண வேட்டியின் மற்றப் பாதியைக் கிழித்து நானே அவித்தேன். ஞாயிறு மத்தியானத்துக்குள் வேண்டியதெல்லாம் உள்ளே வைத்து, மூடிச் சந்தில் மெழுகு ஊற்றி அடைத்து, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அதன் மேலேயே படுத்துக்கொண்டேன். வருகிறவர்களிடம் தீர்ந்துபோனது என்று சொல்லச் சொன்னேன். என் பெண்சாதி பொய் சொல்லமாட்டேன் என்றாள். அப்படியானால் நானே சொல்கிறேன் என்று வாசலில் வந்து உட்கார்ந்தேன்.

பொழுது சாயும்போது அடுத்த வீட்டு மதினி வந்தாள். சொந்த மதினி இல்லை, முறை வைத்துக் கூப்பிடுவது. புருஷன் கடலோடு போனவன். கருவாடு போட்டு விற்றுப் பிழைக்கிறவள். இந்த இரண்டு வாரமும் தெருவே எங்கள் வாசலில் நின்றபோதும் அவள் மட்டும் ஒன்றும் கேட்டு வரவில்லை. இப்போது சேலைத் தலைப்பைச் சுற்றிய இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைப்பு சிவந்திருந்தது. சீலா மீன் அறுக்கும்போது கத்தி வழுக்கிவிட்டதாம்.

“தம்பி, அந்த எரியுற மருந்து கொஞ்சம் இருந்தா...”

நான் தீர்ந்துபோச்சு மதினி என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டு நடையைப் பார்த்தாள். அங்கே மெழுகு உருக்கின சட்டி இன்னும் கழுவாமல் கிடந்தது. “சரி தம்பி, பரவாயில்லை” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆஸ்பத்திரி ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அவள் மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். நான் எழுந்து அவள் பின்னால் போகவில்லை. என் பெண்சாதி அன்று செபமாலை சொல்லும்போது என் பக்கம் திரும்பவே இல்லை.

விடியலில் வள்ளம் தள்ளினோம். பெட்டி ஏறியது, அவள் தம்பியும் ஏறினான். கரைக்காற்றில் பாய் விரித்துப் போய், சூரியன் எழும்பின பிறகு சங்கு கிடக்கிற கடலடிப் பாரில் நங்கூரம் போட்டோம். ஏழாவதோ எட்டாவதோ முங்கலில் அவன் கயிற்றை இரண்டு முறை வெட்டி இழுத்தான். ஆபத்து என்பதற்கு அதுதான் எங்கள் சைகை. தூக்கினால், உள்ளங்கை கிழிந்து ரத்தம் கொட்டுகிறது. திருக்கை இல்லை. சங்கு என்று நினைத்துப் பாறை இடுக்கில் கையை விட்டுச் சிப்பி விளிம்பில் இழுத்துவிட்டான். நான் மெழுகை உடைத்துப் பெட்டியைத் திறந்தேன். நல்ல தண்ணீரில் கழுவி, டிங்சர் போட்டேன். அவன் எங்கள் வம்சத்தையே திட்டினான். அதில் அவன் அக்காளும் சேர்த்தி என்பதை மறந்துவிட்டான். அவித்த துணியால் கட்டினேன். ரத்தம் நின்றது. ஐந்தாம் நாள் அவன் மறுபடி இறங்கினான், ஒரு பொட்டுச் சீழ் இல்லை.

கட்டி முடித்ததும் வள்ளத்தில் இருந்த மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கையை நீட்டினார்கள். ஒருவனுக்குப் போன மாதத்துச் சிரங்கு. ஒருவனுக்குச் செருப்புக் கடி. ஒருவனுக்கு ஒன்றுமே இல்லை, மந்திரிச்சதுதானே, சும்மா ஒரு தொடு தொடு என்றான். நான் பெட்டியை மூடி அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். கரை சேரும்வரை எழும்பவில்லை. ஜன்மத்துக்கும் இப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்லை என்று அவர்கள் பேசிக்கொண்டது என் நல்ல காதில் விழுந்தது.

சாயங்காலம் சங்கு குவிக்கிற கிட்டங்கியில் சங்கை ஒப்படைத்ததும் வீட்டுக்குப் போகவில்லை. பெட்டியோடு மதினி வாசலுக்குப் போனேன். அவள் ஒரு கையால் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மற்றக் கை மடியில் கிடந்தது. பெட்டியைப் பார்த்தாள்.

“தீர்ந்துபோச்சுன்னீகளே. கடலுக்குள்ள டிங்சர் விளைஞ்சுதோ?”

உட்கார்ந்து அவள் கைக் கட்டை அவிழ்த்தேன். மஞ்சளும் சுண்ணாம்பும் காய்ந்து ஓடாக ஒட்டியிருந்தது. சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் வீங்கியிருந்தன. வெந்நீர் வைத்து ஊறவைத்து, ஓட்டை எடுத்து, இருந்த டிங்சர் முழுவதையும் ஊற்றினேன். அவள் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, “உம்ம மச்சினன் கைக்கு எப்படி இருக்கு?” என்றாள். அதற்குள் அவளுக்குச் செய்தி வந்திருக்கிறது. நல்லா இருக்கு மதினி என்றேன். “அது போதும். அவன் முங்குறவன்லா” என்றாள். அவள் அப்படிச் சொல்லாமல் இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் நான் நன்றாக மூச்சு விட்டிருப்பேன்.

மறுநாள் நான் கடலுக்குப் போகவில்லை. அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கம்பவுண்டர் கீறிக் கழுவிக் கட்டினார். வீக்கம் இரண்டு வாரத்தில் வற்றியது. ஆனால் அந்தச் சுண்டுவிரல் பிறகு மடங்கவில்லை. குச்சி போல நின்றுவிட்டது. கருவாட்டுக் கூடையைத் தூக்கும்போது அந்த ஒரு விரல் மட்டும் தனியாக வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். அதை அவள் ஒரு நாளும் என்னிடம் சொல்லிக் காட்டவில்லை.

கோழிக்குக் கொடுத்தேன், நிலைப்படிக்குக் கொடுத்தேன், கல்யாணம் பேசப் போனவளுக்குக் கொடுத்தேன். மெய்யான காயத்தோடு ஒருத்தி வந்து நின்றபோது தீர்ந்துபோச்சு என்றேன். இதைக் கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். பொய் சொன்னதற்கு அபராதமாகப் பத்து அருள்நிறை மந்திரம் சொல்லும்படி கிடைத்தது. வாக்கைக் காப்பாற்றினதற்கு என்ன சொல்வது என்று சாமியாருக்கும் தெரியவில்லை.

ஒரு நாள் கம்பவுண்டரிடமே கேட்டுவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே டிங்சர் போட்டுக் கட்டியிருந்தால் விரல் மடங்கியிருக்குமா அண்ணாச்சி?

அவர் சீட்டில் எழுதிக்கொண்டே, “கத்தி நரம்புல பட்டிருக்கு வேய். அன்னைக்கே போட்டிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்” என்றார். தலை நிமிரவில்லை. முகத்துக்கு நேரே திட்டுகிற மனிதர் அவர், ஆளைப் பார்த்துத்தான் எதையும் சொல்லுவார். அன்றைக்கு மட்டும் ஏன் என்னைப் பார்க்காமல் சொன்னார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.